மதுரை லாட்ஜ் ரிசப்ஷனில் முதல் மாதம்: புதிதாகச் சேர்பவர்களுக்கு

மதுரை ஜங்ஷனை விட்டு வெளியே வந்து மேல வெளி வீதியைக் கடந்தால் டவுன் ஹால் ரோடு, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி, மேல மாசி வீதி என்று எங்கு பார்த்தாலும் லாட்ஜ்தான். இந்த லாட்ஜுகளில் ரிசப்ஷனுக்கு ஆள் எடுக்கும்போது ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்திருக்கிறாயா என்று பெரும்பாலும் கேட்பதில்லை. பிளஸ் டூவோ ஒரு டிகிரியோ இருந்து, கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்யத் தெரிந்து, ராத்திரி ஷிப்ட் பார்க்கவும் தயார் என்றால் எடுத்துக்கொள்வார்கள். மறுநாளே மேசையில் உட்கார வைத்துவிடுவார்கள். பக்கத்தில் நின்று சொல்லித்தர அனுபவமுள்ள ஒருவர் எல்லா இடத்திலும் இருப்பதில்லை. அப்படிச் சேருகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். ரிசப்ஷன் மேசையில் நடக்கும் சண்டைகளில் முக்கால்வாசிக்கு வாடிக்கையாளரின் குணம் காரணமல்ல. சாவியைக் கொடுக்கும் முன் சொல்லியிருக்க வேண்டிய ஏதோ ஒன்றை நாம் சொல்லாமல் விட்டிருப்போம். எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும், வரியோடு எவ்வளவு, வெந்நீர் எப்போது வரும், வண்டியை எங்கே நிறுத்துவது. இவற்றை உள்ளே போகும்போது சொன்னால் கேட்டுக்கொண்டு போவார். வெளியே கிளம்பும்போது சொன்னால் ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். அவர் அப்படி நினைப்பதில் தப்பும் இல்லை.

சேரும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

சம்பளத்தை எல்லோரும் கேட்போம், ஷிப்ட் முறையைக் கேட்க மறந்துவிடுவோம். சில இடங்களில் எட்டு மணி நேரம் வீதம் மூன்று ஷிப்ட். சில இடங்களில் பன்னிரண்டு மணி நேரம். இன்னும் சில சின்ன லாட்ஜுகளில் ஒரு நாள் முழுக்க வேலை, மறுநாள் முழுக்க ஓய்வு. உங்கள் உடம்புக்கு எது ஒத்துவரும் என்று யோசித்துச் சேருங்கள். வார விடுப்பு எந்தக் கிழமை, சாப்பாடு உண்டா, கல்லாவில் பணம் குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்களா என்பதையும் வெளிப்படையாகக் கேளுங்கள். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இஎஸ்ஐ (மருத்துவக் காப்பீடு) உண்டு. இருபது பேர் அல்லது அதற்கு மேல் என்றால் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி). சேரும்போதே எண் வாங்கிவிடுவது நல்லது. ஆறு மாதம் கழித்துக் கேட்டால் இழுத்தடிக்கும் இடங்களும் உண்டு.

முதல் நாள் எல்லா அறைகளையும் பாருங்கள்

இதைச் செய்யாமல் மேசையில் உட்காராதீர்கள். ரூம்பாய் ஒருவரைக் கூட்டிக்கொண்டு காலியாக உள்ள எல்லா அறைகளுக்கும் போங்கள். மற்றவற்றை அடுத்தடுத்த நாட்களில் காலியாகும்போது பாருங்கள். ஒரு சின்ன நோட்டில் அறைக்கு ஒரு வரி எழுதினால் போதும்: எந்த மாடி, ஜன்னல் தெருவைப் பார்த்ததா சந்துப் பக்கம் பார்த்ததா, வெஸ்டர்ன் டாய்லெட்டா இந்தியனா, கீசரா சோலாரா, செல்போன் சிக்னல் கிடைக்கிறதா, எத்தனை பேர் நெருக்கமில்லாமல் படுக்கலாம்.

இதில் டாய்லெட் விஷயத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மீனாட்சி அம்மன் கோயிலுக்கு வருகிறவர்களில் முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் நிறைய. அவர்களுக்கு ஏசியை விட வெஸ்டர்ன் டாய்லெட்தான் முக்கியம். அதைப் போலவே சில கிராமத்துப் பெரியவர்கள் இந்தியன் டாய்லெட்தான் வேண்டும் என்பார்கள். கேட்காமல் அறை கொடுத்துவிட்டால் பத்தே நிமிடத்தில் திரும்பி வருவார்கள். அதற்குள் விரிப்பு கசங்கியிருக்கும், குளியலறை நனைந்திருக்கும், அந்த அறையை மறுபடி சுத்தம் செய்ய வேண்டும்.

தெருவைப் பார்த்த அறையில் காற்று வரும், கூடவே சத்தமும் வரும். ராத்திரி ரயிலில் வந்து பகலில் தூங்க நினைப்பவருக்கு உள்பக்க அறையைக் கொடுங்கள். குழந்தைகளோடு வருபவர்களைக் கீழ் மாடியில் வையுங்கள். இதெல்லாம் நோட்டு கையில் இருந்தால்தான் முடியும்.

போனில் புக்கிங் எடுக்கும்போது

தேதி, எத்தனை மணிக்கு வருவார், எத்தனை ராத்திரி, பெரியவர்கள் எத்தனை பேர், குழந்தைகள் எத்தனை பேர், ஏசியா சாதாரணமா, பெயர், போன் எண். இவற்றை வாங்கிய பிறகு நீங்களே ஒரு முறை திருப்பிச் சொல்ல வேண்டும். அடிக்கடி குழப்பம் வருவது தேதியில்தான். "13-ஆம் தேதி நைட் ரெண்டு மணிக்கு வந்துடுவோம்" என்பார். அவர் சொல்வது காலண்டரில் 14. நீங்கள் 13-ஆம் தேதி விடியகாலை 2 மணி என்று எழுதினால், அவர் வராத ராத்திரிக்கு அறையைப் பூட்டி வைத்திருப்பீர்கள். வரும்போது வேறு ஒருவர் உள்ளே இருப்பார். நள்ளிரவுக்கு மேல் வருபவர்களிடம் கிழமையைச் சேர்த்துக் கேளுங்கள்: "வெள்ளிக்கிழமை ராத்திரி தாண்டி, சனிக்கிழமை விடியகாலை ரெண்டு மணி, சரிங்களா சார்?" என்று. கிழமை சொல்லும்போது யாரும் குழம்புவதில்லை.

ஆன்லைன் ஆப் வழியாக வரும் புக்கிங்கில் மூன்றைப் பார்க்க வேண்டும். பணம் முன்பே கட்டியாயிற்றா, இங்கே வந்து கட்ட வேண்டுமா, எந்த வகை அறை, எத்தனை பேருக்கு. இரண்டு பேருக்குப் போட்டுவிட்டு நான்கு பேர் வருவது வழக்கம். அப்போது முகம் சுளிக்காமல், புக்கிங்கில் இரண்டு பேர் என்று இருப்பதைத் திரையில் காட்டி, கூடுதல் படுக்கைக்கு எவ்வளவு என்று சொல்லுங்கள். எல்லா அறையும் நிரம்பிவிட்டால் முதலில் ஆப்பில் அறையை மூடுங்கள், பிறகு மற்ற வேலை. ஐந்து நிமிடத் தாமதத்தில் ஒரே அறைக்கு இரண்டு பேர் வந்து நிற்பார்கள். அப்படி நேர்ந்துவிட்டால், பக்கத்து லாட்ஜில் அதே தரத்தில் அறை பிடித்து, வாடகை வித்தியாசம் இருந்தால் மேனேஜரிடம் கேட்டு நாமே ஏற்று, ரூம்பாயைப் பெட்டி தூக்கச் சொல்லிக் கூடவே அனுப்ப வேண்டும். "ஆப்ல தப்பு" என்று சொல்லிக் கைவிரிக்கக் கூடாது. குழந்தையோடு நடுராத்திரியில் நிற்பவருக்கு யார் தப்பு என்பது தேவையில்லை.

ஆள் வந்து நிற்கும்போது

எழுந்து நின்று பேசுங்கள். போனில் இருந்தால் கையால் உட்காரச் சொல்லி, ஒரு நிமிடம் என்று காட்டுங்கள். உசிலம்பட்டி, மேலூர் பக்கமிருந்து வரும் பெரியவர்களை "ஐயா, அம்மா" என்றால் போதும், "சார், மேடம்" என்றால் சிலர் தள்ளி நிற்பார்கள். நடுவயதுக்காரர்களுக்கு "அண்ணே, அக்கா" இயல்பாக வரும். ஆனால் வெளியூர் அலுவல்காரர்களிடம் அது அதிக உரிமை எடுத்துக்கொண்டது போல ஆகிவிடலாம், அங்கே "சார், மேடம்" சரி. வண்டி ஓட்டி வரும் டிரைவரிடம் ஒருபோதும் ஒருமையில் பேசாதீர்கள். ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று சுற்றுலாக் கூட்டத்தை அழைத்து வருபவர் அவர்தான். அடுத்த முறை எந்த லாட்ஜில் வண்டியை நிறுத்துவது என்று முடிவு செய்பவரும் அவரே. அவருக்குப் படுக்க இடமும் குளிக்கத் தண்ணீரும் உண்டா என்று கேட்காமலே சொல்லுங்கள்.

அடுத்தது அடையாள அட்டை. அறையில் தங்கும் பெரியவர்கள் ஒவ்வொருவருடையதும் வேண்டும், புக்கிங் செய்தவருடையது மட்டும் போதாது. ஆதார், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் ஏதாவது ஒன்று. பான் கார்டில் முகவரி இருக்காது, அதனால் அது மட்டும் இருந்தால் இன்னொன்றைக் கேளுங்கள். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை ஒருவர் காட்டினால் தயங்காமல் வாங்குங்கள், முழு எண்ணை வற்புறுத்த வேண்டாம். அட்டையை உங்கள் சொந்தப் போனில் படம் எடுக்கவே கூடாது. லாட்ஜ் கம்ப்யூட்டரில் ஸ்கேன், இல்லாவிட்டால் நகல், அதையும் பூட்டிய அலமாரியில் வைக்க வேண்டும். மூல அட்டையைப் பார்த்த கையோடு திருப்பிக் கொடுங்கள். "செக்-அவுட் வரைக்கும் இருக்கட்டும்" என்று வாங்கி வைப்பது கெட்ட பழக்கம், தொலைந்தால் பதில் சொல்ல முடியாது.

ரெஜிஸ்டரில் பெயர், முகவரி, எங்கிருந்து வருகிறார், எங்கே போகிறார், வந்த நேரம், கையெழுத்து எல்லாம் அவர் கையாலேயே எழுத வேண்டும். எழுதத் தெரியாதவருக்கு நீங்கள் எழுதி, வாசித்துக் காட்டி, கைரேகை வாங்குங்கள். சத்தம் போட்டுக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

வெளிநாட்டவர் என்றால் இன்னொரு வேலையும் உண்டு. மேசையில் அதை "சி ஃபார்ம்" என்பார்கள். அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் பாஸ்போர்ட், விசா விவரங்களைக் குடியேற்றத் துறையின் ஆன்லைன் பக்கத்தில் ஏற்ற வேண்டும். பாஸ்போர்ட்டின் படப் பக்கம், விசாப் பக்கம், இந்தியாவுக்கு வந்த தேதி, முன்பு தங்கிய ஊர், அடுத்து போகும் ஊர் ஆகியவை தேவைப்படும். புதியவர்கள் வழுக்குவது ஓரிடத்தில்தான்: இலங்கைத் தமிழர்கள். நம்மைப் போலவே தமிழ் பேசுவார்கள், கோயிலுக்குக் குடும்பத்தோடு வருவார்கள், நாமும் உள்ளூர்க்காரர் போலவே எழுதிவிடுவோம். கையில் இலங்கை பாஸ்போர்ட் இருந்தால் சி ஃபார்ம் கட்டாயம். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) காட்டுபவரும் வெளிநாட்டு பாஸ்போர்ட் உள்ளவரே, அவரையும் விட்டுவிடக் கூடாது. ராத்திரி 11 மணிக்கு வந்தவருக்கு நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, ஷிப்ட் மாறி, மறந்து போவதுதான் வழக்கமான கோளாறு. அதனால் சாவி கொடுத்த கையோடு ஏற்றிவிடுங்கள்.

கல்யாணம் ஆகாத ஆணும் பெண்ணும் அறை கேட்டால் என்ன செய்வது என்று புதியவர்கள் தடுமாறுவார்கள். இருவருக்கும் 18 வயது ஆகியிருக்கிறதா என்பதை அட்டையில் பாருங்கள். வயது வந்த இருவர் ஒரே அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் கோவை விடுதி ஒன்றின் வழக்கில் சொல்லியிருக்கிறது. உங்கள் லாட்ஜ் நிர்வாகம் வேறு முடிவு வைத்திருந்தால், அதைப் போனில் புக்கிங் எடுக்கும்போதே மரியாதையாகச் சொல்லிவிட வேண்டும். வந்து நிற்பவரிடம் நாலு பேர் முன்னால் கேள்வி கேட்பது யாருக்கும் அழகில்லை.

சாவியைக் கொடுக்கும் முன் சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். இப்படி:

"சார், ரூம் ரெண்டாவது மாடி, லிஃப்ட் இந்தப் பக்கம். வாடகை 1,400, ஜிஎஸ்டி 70, மொத்தம் 1,470. இப்ப மணி 10.20, நாளைக்குக் காலையில 10.20 வரைக்கும் ரூம் உங்களுது. சுடுதண்ணி காலையில 6-லேருந்து 9 வரைக்கும். கோயிலுக்குள்ள செல்போன் விட மாட்டாங்க, ரூம்லயே வச்சுட்டுப் போயிடுங்க."

இருபது விநாடிதான் ஆகும். அறை எண்ணை மட்டும் வாய்விட்டுச் சொல்லாமல் சாவியோடு ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். வரவேற்பறையில் வேறு யார் யாரோ உட்கார்ந்திருப்பார்கள். தனியாக வரும் பெண்களுக்கு இது ரொம்ப முக்கியம். அவர்களுக்கு லிஃப்டுக்கும் படிக்கும் பக்கமான அறையாகப் பார்த்துக் கொடுங்கள், நடைபாதைக் கோடியில் உள்ளதைக் கொடுக்காதீர்கள்.

காலி செய்யும் நேரம்

மதுரையில் இரண்டு முறையும் நடப்பில் இருக்கின்றன. ஒன்று 24 மணி நேர முறை: வந்த நேரத்திலிருந்து எண்ணுவது. இன்னொன்று பகல் 12 மணி முறை: எப்போது வந்தாலும் மறுநாள் நண்பகலில் கணக்கு முடியும். அதிகாலை 4 மணிக்கு வருகிறவரிடம்தான் இரண்டிலும் சிக்கல். 24 மணி முறையில் அவர் மறுநாள் அதிகாலை 4 மணிக்கே கிளம்ப வேண்டும். அவரோ குளித்துச் சாப்பிட்டு 8 மணிக்குக் கிளம்ப நினைத்திருப்பார். 12 மணி முறையில், அதே நாள் நண்பகலோடு ஒரு நாள் முடிந்தது என்று சில இடங்களில் கணக்குப் போடுவார்கள். எட்டு மணி நேரத்துக்கு முழு வாடகையா என்று அவர் கொதிப்பார். எந்த முறையானாலும் "இத்தனாம் தேதி, இத்தனை மணி வரை" என்று ரசீதில் பேனாவால் எழுதி வட்டம் போட்டுக் கொடுங்கள். ஒரு மணி நேரம் தாமதமானால் பரவாயில்லையா, நான்கு மணி நேரமானால் அரை வாடகையா என்பதை மேனேஜரிடம் முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒருவருக்கு விட்டுக்கொடுத்து இன்னொருவரிடம் வாங்கினால் லிஃப்டிலேயே இருவரும் பேசிக்கொண்டு வந்து நிற்பார்கள்.

வரியும் பணமும்

2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். 1,400 ரூபாய் அறைக்கு மத்திய வரி 35, மாநில வரி 35, ஆக 70. பழைய சாஃப்ட்வேரில் 12 சதவீதமே கிடந்தால் 168 என்று காட்டும். முதல் நாளே ஒரு பில்லைக் கையால் கணக்குப் போட்டுச் சரிபாருங்கள். கம்பெனி வேலையாக வந்தவரிடம் ஜிஎஸ்டி எண்ணை வரும்போதே கேட்டு ஏற்றிவிட வேண்டும். பில் போட்ட பிறகு திருத்துவது பெரிய தலைவலி.

சில்லறை எப்போதும் இருக்க வேண்டும். 100 ரூபாய் பத்து, 50 ரூபாய் பத்து, 20 ரூபாய் பதினைந்து, 10 ரூபாய் இருபது, ஆக 2,000 ரூபாய் கல்லாவில் நிலையாக இருந்தால் ஒரு ஷிப்டை ஓட்டிவிடலாம். ஷிப்ட் மாறும்போது அந்த 2,000-ஐத் தனியாக எண்ணி, வசூலைத் தனியாக எண்ணி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். "நம்ம ஆள்தானே" என்று எண்ணாமல் வாங்கினால், குறைந்த பணம் உங்கள் தலையில் விழும். அதோடு சாவிகளின் எண்ணிக்கை, எந்த அறையில் என்ன ரிப்பேர், யார் விடியற்காலையில் எழுப்பச் சொன்னார், யாருக்குப் பணம் பாக்கி என்பதும் நோட்டில் இருக்க வேண்டும். வாயால் சொன்னது பாதி வழியிலேயே மறந்துவிடும்.

யுபிஐ பணம் வந்ததா என்பதை வாடிக்கையாளரின் திரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஸ்பீக்கர் தொகையைச் சொன்னதா, நம் கணக்கில் ஏறியதா என்று பாருங்கள். நடுவில் சிக்கிக்கொண்டால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணை எழுதிக்கொண்டு சற்றுப் பொறுங்கள். உடனே மறுபடி அனுப்பச் சொன்னால் இரண்டு தடவை போய்விடும், திருப்புவதற்கு நாள் ஆகும். மேசையில் ஒட்டியுள்ள க்யூஆர் அட்டையைத் தினமும் காலையில் ஒரு முறை ஸ்கேன் செய்து, நம் லாட்ஜ் பெயர்தான் வருகிறதா என்று பாருங்கள். மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டும் திருட்டு உண்டு.

இன்னொரு ஏமாற்று வேலை போனில் வரும். ராணுவ அதிகாரி பேசுவதாகச் சொல்லி மொத்தமாகப் பத்து அறை கேட்பார்கள். முன்பணம் அனுப்புவதாகச் சொல்லி ஒரு க்யூஆர் அனுப்பி, ஸ்கேன் செய்து யுபிஐ ரகசிய எண்ணை (PIN) போடச் சொல்வார்கள். பணம் வாங்குவதற்கு இந்த ரகசிய எண் தேவையே இல்லை. போட்டால் நம் பணம்தான் போகும். போய்விட்டால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள், நேரம் போகப் போகப் பணத்தை முடக்குவது கடினம்.

குறை சொல்லி வரும்போது

குறுக்கே பேசாமல் முழுக்கக் கேளுங்கள். அறை எண்ணையும் நேரத்தையும் அவர் கண்முன்னே நோட்டில் எழுதுங்கள். எழுதுவதைப் பார்த்தாலே பாதிக் கோபம் இறங்கும். அடுத்து ஒரு நேரத்தைச் சொல்லுங்கள். "பார்க்கிறேன் சார்" என்பது பதில் இல்லை. "பத்து நிமிஷத்துல ஆள் வருவார்" என்பதுதான் பதில். பத்தாவது நிமிடத்தில் ஆள் போகவில்லை என்றால் நீங்களே போன் செய்து இன்னும் ஐந்து நிமிடம் ஆகும் என்று சொல்ல வேண்டும். அவராக இரண்டாவது தடவை இறங்கி வந்துவிட்டால் பிறகு எது செய்தாலும் சமாதானம் ஆகமாட்டார்.

ஏசி குளிரவில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடும் முன் ரிமோட்டில் கூல் மோட் இருக்கிறதா, ஃபேன் மோடில் கிடக்கிறதா என்று பாருங்கள். முன்பு தங்கியவர் மாற்றி வைத்திருப்பார். பேட்டரி, ஸ்டெபிலைசர், ஃபில்டர் தூசி என்ற வரிசையில் அடுத்தடுத்துப் பாருங்கள். இருபது நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் அறையை மாற்றிவிடுங்கள். வாடிக்கையாளர் படுக்கையில் உட்கார்ந்திருக்க, ஏணி போட்டு ரிப்பேர் பார்ப்பது இருவருக்கும் கஷ்டம். வெந்நீர் வரவில்லை என்ற புகாரில் பெரும்பாலும் குழாய் மாறியிருக்கும், அல்லது கீசர் சுவிட்ச் வெளியே இருப்பது தெரிந்திருக்காது. சோலார் என்றால் மேல் மாடியிலிருந்து கீழே வர இரண்டு மூன்று நிமிடம் குளிர்ந்த தண்ணீர் ஓட வேண்டும். அதையும் முதலிலேயே சொல்லுங்கள்.

வெளிமாநிலத்தவரிடம் வெந்நீர் என்ற ஒரு வார்த்தையை அவர்கள் மொழியில் சொல்லத் தெரிந்தாலே பாதி வேலை முடியும். இந்தியில் "கரம் பானி", தெலுங்கில் "வேடி நீள்ளு", கன்னடத்தில் "பிசி நீரு", மலையாளத்தில் "சூடு வெள்ளம்". நான்கையும் சீட்டில் எழுதி மேசைக்குள் ஒட்டி வையுங்கள்.

பணம் குறைக்கச் சொல்லிக் கேட்டால் உங்களுக்கு அதிகாரம் எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். இல்லாத அதிகாரத்தில் வாக்குக் கொடுத்துவிட்டு, மேனேஜர் முடியாது என்னும்போது மறுப்பதுதான் மேசையில் செய்யும் மிகப் பெரிய தவறு.

ஊரைச் சொல்லத் தெரிய வேண்டும்

மதுரைத் தெருக்கள் கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக அமைந்தவை. உள்ளிருந்து வெளியே ஆடி வீதி (இது கோயிலுக்குள்), சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி. மேல என்றால் மேற்கு, கீழ என்றால் கிழக்கு. வெளியூர்க்காரர் கையில் உள்ள மேப்பில் இவை ஆங்கிலத் திசைப் பெயரில் இருக்கும், ஆட்டோக்காரர் "மேல மாசி வீதி" என்பார். இரண்டும் ஒன்று என்று சொல்லிவிடுங்கள். ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜிலிருந்து மேலக் கோபுரத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிட நடை. சித்திரை வீதிகளுக்குள் வண்டி விடமாட்டார்கள் என்பதைப் பெரியவர்களுடன் வருபவர்களிடம் சொல்ல மறக்காதீர்கள்.

கோயில் நடை காலை 5 மணிக்குத் திறந்து பகல் 12.30-க்குச் சாத்துவார்கள், மறுபடி மாலை 4 மணிக்குத் திறப்பார்கள். விழா நாட்களில் மாறும். 11.45-க்குக் கிளம்புகிறவரை நிறுத்தி, சாயங்காலம் போகச் சொல்வது உங்கள் வேலை. 2018 பிப்ரவரி தீ விபத்துக்குப் பிறகு செல்போனுக்குத் தடை. அரைக்கால் சட்டையோடு கிளம்புகிறவரையும் வாசலிலேயே நிறுத்துங்கள். அங்கே போய்த் திரும்பி வந்தால் அவருக்கு அரை நாள் போய்விடும்.

பஸ்ஸுக்கு: சென்னை, திருச்சி, ராமேஸ்வரம், திருநெல்வேலி என்றால் மாட்டுத்தாவணி. கோவை, தேனி, திண்டுக்கல், கொடைக்கானல் என்றால் ஆரப்பாளையம். தப்பாகச் சொன்னால் வண்டியைத் தவறவிடுவார். திருப்பரங்குன்றம் சுமார் 8 கிலோமீட்டர், அழகர்கோவில் 21, ராமேஸ்வரம் 170. காந்தி மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

கூட்டம் நிரம்பும் நாட்கள்

சித்திரைத் திருவிழாவில் திருக்கல்யாணம், மறுநாள் தேரோட்டம், அதையடுத்து ஒரு விடியலில் அழகர் ஆற்றில் இறங்குதல். இந்த மூன்று நாளும் அறைக்கு மாதங்களுக்கு முன்பே போன் வரும். தேரோட்டத்தன்று மாசி வீதிகளில் வண்டி நகராது. கார் வைத்திருப்பவர் அன்று கிளம்ப வேண்டும் என்றால், முந்தின ராத்திரியே வண்டியை வெளி வீதிக்கு அந்தப் பக்கம் நிறுத்தச் சொல்லுங்கள். அழகர் இறங்கும் நாளில் கோரிப்பாளையம், ஆற்றுப் பாலங்கள் பக்கம் போக்குவரத்து மாறும். அன்று ரயில், விமானம் பிடிப்பவர்கள் ஒன்றிரண்டு மணி நேரம் முன்னதாகவே கிளம்ப வேண்டும். பொங்கலுக்கு அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு. கார்த்திகை, மார்கழியில் ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகத்திலிருந்து ஐயப்ப பக்தர்கள். அவர்கள் குழுவாக வந்து சில மணி நேரமே தங்குவார்கள், வாளியும் தண்ணீரும்தான் அதிகம் கேட்பார்கள். தொட்டியில் மோட்டார் போட்டாயிற்றா என்று அதிகாலை 3 மணிக்கே பார்த்துவிடுங்கள்.

ராத்திரி ஷிப்ட்

10 மணிக்கு, எந்த அறையில் யார், எத்தனை பேர் என்ற பட்டியலை ஒரு தாளில் அச்செடுத்து வையுங்கள். கரண்டும் நெட்டும் போனால் அதுதான் ரெஜிஸ்டர். தீ என்றால் யாரை வெளியேற்ற வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது. அப்போது லிஃப்டை யாரும் தொடக் கூடாது, படி வழியாகத்தான். தங்கியிருப்பவரைப் பற்றிப் போனில் யார் கேட்டாலும், சொந்த அண்ணன் என்று சொன்னாலும், இருக்கிறார் இல்லை என்ற பதிலே வேண்டாம். "உங்க பேரும் நம்பரும் சொல்லுங்க, அப்படி ஒருத்தர் இருந்தா சொல்லிடுறோம்" என்றால் போதும். போலீஸ் சோதனைக்கு வந்தால் மரியாதையோடு ரெஜிஸ்டரைக் கொடுத்து, அந்த நிமிடமே மேனேஜரை எழுப்புங்கள்.

உடம்பு முடியாதவருக்கு 108. மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். வெகுநேரம் கதவு தட்டியும், போன் அடித்தும் பதில் இல்லை என்றால் தனியாக மாற்றுச் சாவி போட்டுத் திறக்க வேண்டாம். மேனேஜருக்குச் சொல்லி, இன்னொருவரைக் கூட வைத்துக்கொண்டு திறங்கள். உள்ளே ஏதாவது தவறாக இருந்தால் எதையும் தொடாமல் 108, அவசர உதவி எண் 112 இரண்டுக்கும் அழையுங்கள். தனியாக வந்தவர் சாப்பாடு வாங்கவில்லை, இரண்டு நாளாக வெளியே வரவில்லை என்று ரூம்பாய் சொன்னால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். "ஐயா, சாப்பிட ஏதாச்சும் வாங்கி வரவா?" என்று போய்க் கேட்பதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான்.

கிளம்பும்போது

விடியற்காலை ரயிலுக்குப் போகிறவர்களின் பில்லை முந்தின ராத்திரியே முடித்து வையுங்கள். காலையில் ஐந்து குடும்பம் ஒரே நேரத்தில் மேசையில் நின்றால் அவசரத்தில் தப்புதான் நடக்கும். சாவியைத் திருப்பிக் கொடுத்தவுடன் ரூம்பாயை மேலே அனுப்பி, அவர் பார்த்து வரும் வரை இரண்டு நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். சந்தேகப்பட்டு அல்ல என்பது புரியும்படி "ஏதாச்சும் மறந்து வச்சிருக்கப் போறீங்க, ஒரு தடவை பாத்துடுறோம்" என்று சொல்லுங்கள். போன் சார்ஜர், கண்ணாடி, பல்செட், குளியலறைக் கம்பியில் காயப்போட்ட வேட்டி, தலையணைக்கு அடியில் வைத்த சங்கிலி. இவைதான் அதிகம் விட்டுப் போவது. ஆள் கிளம்பிய பிறகு கிடைத்தால், பொருளைக் கவரில் போட்டு, மேலே அறை எண், தேதி, எடுத்தவர் பெயர் எழுதி, ரெஜிஸ்டரில் உள்ள எண்ணுக்கு அன்றே போன் செய்யுங்கள். ரயில் இன்னும் திண்டுக்கல்லைத் தாண்டியிருக்காது.